கண் கட்டிய மாடும் நாற்பது இங்கிலீஷ் சொற்களும்

இன்று காலை மாடுகளுக்குக் கொள்ளு அவித்தேன். பானை மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. அந்த வாசனையோடு நீயும் வந்து நின்றாய், தோளில் துண்டும் காதில் பென்சிலுமாக. மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. அதற்கு முன்னால் பழையதைக் கொஞ்சம் பேசிக்கொள்ளலாம் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மலைமேல் அணை கட்டிய வருஷங்கள் அவை. கூடலூரிலிருந்து சுண்ணாம்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நாங்கள் ஏழு வண்டிக்காரர்கள் மலைக்குப் போவோம். அடிவாரக் கொட்டகையில் வண்டிகளுக்கு முறை போட்டு அனுப்பும் ரைட்டர் நீ. கெங்குவார்பட்டிக்காரன், மதுரையில் இங்கிலீஷ் படித்தவன். நானோ கோயில் பள்ளிக்கூடத்தில் தமிழ் மட்டும் எழுதப் படித்தவன். முதல் நாள் உன்னை ஐயா என்று கூப்பிட்டேன். "ஒனக்கும் எனக்கும் ஒரே வயசு. இன்னொரு தடவ ஐயான்னா ஒன் வண்டிதான் கடைசி" என்றாய்.

மலைப்பாதை ஒரு வண்டி அகலம்தான். ஒரு நாள் அணை வேலையைப் பார்க்கும் வெள்ளைக்காரத் துரை என்னைப் பின்னால் போகச் சொல்லிக் கத்தினார். சீக்கிரம் வா என்கிறார் என்று நினைத்து முன்னால் ஓட்டிவிட்டேன். எதிரே இறங்கிய வண்டியும் என் வண்டியும் சக்கரம் மாட்டிக்கொண்டன. பிரித்தெடுக்க அரைநாள் ஆயிற்று. துரை பேசியது எனக்குப் புரியவில்லை, நான் விழித்தது அவருக்குப் புரியவில்லை. மறுநாள் மத்தியானம் உன்னிடம் வந்து, வண்டிக்காரனுக்கு வேண்டிய இங்கிலீஷை மட்டும் சொல்லித் தரக் கேட்டேன். சேதி பரவி மற்ற ஆறு பேரும் வந்துவிட்டார்கள்.

முதல் மூன்று நாள் நீ பலகையில் எழுத்துப் போட்டுக் காட்டினாய். வெயில் நேரம், வயிற்றில் கஞ்சி. நாலு பேர் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். நான்காம் நாள் நீ பலகையை ஓரமாக வைத்துவிட்டுத் துண்டால் உன் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டாய். குனிந்து நின்று, "நாந்தான் மாடு. என்னய ஓட்டுங்க. ஆனா இந்த மாட்டுக்குத் தமிழ் தெரியாது" என்றாய்.

அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் எப்படி எழுதுவேன்? ரைட் என்றால் வலப்பக்கம் திரும்பினாய், லெப்ட் என்றால் இடப்பக்கம். தமிழில் யார் என்ன கத்தினாலும் தலையை ஆட்டிக்கொண்டு நேரே நடந்தாய். ஸ்டாப் என்ற சொல் எங்களில் ஒருவனுக்கும் சமயத்துக்கு வரவில்லை. மாட்டுத் தொட்டியில் முழங்கால் வரை இறங்கி நின்றாய். அந்தச் சொல்லை அதன்பிறகு எவனும் மறக்கவில்லை.

மறுநாள் முதல் நாங்கள் மாடுகள் ஆனோம். இருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வெறும் வண்டியை இழுக்க வேண்டும், மூன்றாமவன் இங்கிலீஷில் ஓட்ட வேண்டும். கஞ்சி கொண்டுவந்த என் மனைவி அருளம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானும் ஓட்டுவதாகச் சொன்னாள். என்னையும் இன்னொருவனையும் இரண்டு புளியமரங்களுக்கு நடுவே புகுத்தி, ஒரு கீறல் இல்லாமல் வெளியே கொண்டுவந்தாள். நீ கைதட்டினாய். அன்று முதல் வீட்டிலும் எனக்கு கம், கோ, ஸ்டாப் தான்.

சாக்குப்பை விளையாட்டும் உண்டு. பைக்குள் கயிறு, ஆணி, உப்புக்கட்டி என்று எதையாவது போட்டுவைப்பாய். கையை விட்டுத் தடவி, இங்கிலீஷில் பேர் சொன்னால் ஒரு பிடி வறுத்த கடலை. ஓடைக்கு இந்தக் கரையில் பாதிப் பேர், அந்தக் கரையில் பாதிப் பேர் நின்று, தண்ணீர் இரைச்சலுக்கு மேலே கூவிச் சேதி அனுப்புவது இன்னொன்று.

கருப்பணனை நினைவிருக்கிறதா? எங்களில் மூத்தவர். போகவேண்டிய பின்பக்கத்துக்கும் பேக், தூக்கும் பைக்கும் பேக் என்பது அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. பேக் என்று யார் சொன்னாலும் தோளில் இருந்த மூட்டையை இறக்கி வைத்துவிடுவார். "ரெண்டுக்கும் ஒரே பேர வச்சது தொரைக தப்பு" என்பார். இரண்டும் வெவ்வேறு சத்தம் என்று நீ எத்தனையோ முறை நாக்கை மடித்துக் காட்டினாய். நீ காட்டக் காட்ட அவர் மூட்டையை இறக்கினார்.

பிறகு அந்த ஆடி மழை. ஏழு வண்டியும் ஏறிக்கொண்டிருந்தோம், நான் முதல், கருப்பணன் கடைசி. மாட்டின் கொம்பு கூடத் தெரியாத மூடுபனி. மேலே ஒரு வளைவில் துரையின் குரல் மட்டும் கேட்டது, ஓடை இரைச்சலுக்கு நடுவே: ஸ்டாப். பேக். அவரோடு தமிழில் சொல்ல ஆளில்லை. நான் மாடுகளை இழுத்துப் பிடித்துவிட்டு, திரும்பி அதையே கூவினேன். எனக்குப் பின்னால் இருந்தவன் கூவினான். அப்படியே கடைசி வண்டி வரை போயிற்று. ஏற்றத்தில் வண்டியைத் திருப்ப முடியாது. மாடுகளை அவிழ்த்து, ஒவ்வொரு வண்டியாகக் கையால் பின்னுக்கு இறக்கினோம். பின்னால் போகும் சக்கரம் யாருக்கும் தெரியவில்லை. சக்கரத்தோரம் நின்றவன் லெப்ட், ரைட் என்று சொல்லச் சொல்ல, கண் கட்டிய மாடுகள் போலவே நடந்தோம்.

பனி கொஞ்சம் விலகியபோதுதான் பார்த்தேன். நான் நின்ற இடத்துக்குப் பத்தடி மேலே பாதை இல்லை. மழை அதை அப்படியே பள்ளத்துக்குள் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

அடிவாரத்திலிருந்து நீ நனைந்தபடி ஓடி வந்தாய். ஏழு பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாய். அப்படியே சகதியில் உட்கார்ந்துவிட்டாய். பிறகு கருப்பணனைப் பார்த்து, "பேக்குன்னதும் மூட்டய எறக்கலையே?" என்று கேட்டாய்.

"எறக்கி வச்சுட்டுத்தான் வண்டியப் புடிச்சேன். இல்லாட்டி இம்புட்டுப் பாரம் கையில நிக்குமா?" என்றார் அவர்.

நீ சகதியில் மல்லாந்து சிரித்தாய். மேலிருந்து சுற்றி இறங்கி வந்த துரை உன்னைப் பார்த்துப் பயந்தே போனார்.

இப்போது சேதிக்கு வருகிறேன். போன மாதம் பருத்தி மூட்டைகளோடு அம்மையநாயக்கனூர் ரயிலடிக்குப் போனேன். சரக்கை எங்கே இறக்குவது என்று அங்கிருந்த துரையிடம் கேட்க வேண்டும். பக்கத்தில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தப்பாகச் சொன்னாலும் சத்தமாகச் சொல், அப்போதுதான் கேட்பவன் திருத்துவான் என்று நீ சொல்வாய். நான் சத்தமாகவே கேட்டேன். துரை சிரித்துவிட்டு என்னைத் திருத்தினார். திருத்தியதைத் திரும்பச் சொன்னேன். இடத்தைக் காட்டினார். பிறகு, யார் சொல்லிக் கொடுத்தது என்றார். மை பிரண்ட் என்றேன். அவன் எங்கே என்றார்.

நீ எனக்குத் தந்தது நாற்பது சொல். வா, போ, நில், இழு, கயிறு, உப்பு. இல்லாமல் போனவனைப் பற்றிச் சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. கடைசியில், வண்டிகளை ஏற்றத்தில் அனுப்பும்போது நீ சொல்லும் சொல்தான் வாயில் வந்தது. மேற்கே நம் மலைப் பக்கம் கையைக் காட்டி, அப் என்றேன்.

நீ மலைமேல் வேலை பார்ப்பதாக அவர் எடுத்துக்கொண்டார். குட் என்றார். எனக்கும் அதைத் திருத்தத் தோன்றவில்லை.