வரைபடத்தில் இல்லாத வடிகால்

அன்புத் தோழிக்கு,

நேற்று ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். தஞ்சாவூர்ப் புறவழிச்சாலையைத் தாண்டி, நீயும் நானும் திட்டம் வரைந்த புதுக் குடியிருப்பில்தான் வீடு. இரண்டு நாள் மழை அப்போதுதான் விட்டிருந்தது. மாடி ஜன்னல் வழியே ஈரக் களிமண் வாசம் வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய்.

சென்னையிலிருந்து மாற்றல் கேட்டு வாங்கி எங்கள் நகரமைப்பு அலுவலகத்தில் நீ சேர்ந்தபோது எல்லோருக்கும் வியப்பு. தலைநகரை விட்டு இங்கே யார் வருவார்கள்? காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னாய். "அங்க ஊருக்கு வெளியே ஒரு ஏரிடி. மேப்ல காலி நிலம்னு இருந்துச்சு. போய்ப் பாக்காமலே வீடு கட்டலாம்னு கலர் அடிச்சேன். அடுத்த பெருமழையில அங்க இடுப்பளவு தண்ணி." நீ சிரிக்காமல் பேசி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

இங்கேயும் அப்படி ஒரு காலி நிலம் நம் திட்டத்தில் இருந்தது. திங்கட்கிழமை ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை என் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டு, "ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம்" என்றாய்.

அங்கே நடவு நட்டுக்கொண்டிருந்த செல்வி, நம் வரைபடத்தை ஈரக்கையால் தொடாமல் எட்டிப் பார்த்தாள். "என்னங்கம்மா, வடிகாலையே காணும்? மழ பேஞ்சா ஊருத்தண்ணி பூராவும் இதுலதாங்க போவும்."

அகலத்தை அளக்க டேப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாய். மூன்றாவது அடியில் இடுப்புவரை சேறு. செல்வியும் இன்னும் நாலு பெண்களும் சேர்ந்து உன்னை இழுத்துக் கரையில் போட்டார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் நீ. டேப்பை மட்டும் விடவே இல்லை.

அதே கோலத்தில் நேராக அதிகாரியின் அறைக்குள் நுழைந்தாய். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒரு வாய்க்காலுக்காக மொத்த பிளானையும் மாத்தணுமாம்மா?"

"சென்னையில நான் மாத்தல சார். இங்கயும் மாத்தலைன்னா இந்த வேலையில நான் இருந்து பிரயோசனமில்ல."

அவர் உன்னைப் பார்த்தார். தரையில் சொட்டிய சேற்றைப் பார்த்தார். "ஒரு வாரம் தர்றேன். மொதல்ல போய் சேலைய மாத்துங்க."

ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் மறுபடி வரைந்தோம். வடிகாலும் அதன் இரு கரைகளும் யாரும் கட்டக்கூடாத இடமாயின. வீடுகள் தள்ளி நின்றன.

நேற்றைய வீடு செல்வியின் மகளுடையது. ஒரத்தநாட்டில் படித்துக் கால்நடை மருத்துவராகியிருக்கிறாள். கீழே வடிகால் கரை தொட்டு ஓடியது. தெருவிலோ பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். செல்வி உன்னைத் தேடினாள். "அந்தம்மா வரலீங்களா?"

போன வருடம் நோயில் நீ போய்விட்டதைச் சொன்னேன். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "என்னா கனம் கனத்தாங்க அன்னிக்கு!" நானும் சிரித்தேன். விருந்தாளிகள் எங்கள் இருவரையும் விநோதமாகப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் புதிய திட்டத்துக்காக வேதாரண்யம் போகிறேன். உப்பளங்களுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலி என்கிறார்கள். நேரில் நடந்து பார்க்காமல் இப்போதெல்லாம் எனக்குப் பென்சில் ஓடுவதில்லை. மாற்றுச் சேலை ஒன்றையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.