முடியாத கதைக்கு முதற்பிரதி

அன்பு மகள் நிம்றாவுக்கு,

கோபமில்லை மகள். கோபமென்றால் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் நீ இடையில் புகுந்து கதைப்பாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும், அதனால்தான் கடிதம். அல்லாஹ் கிருபையில் நாங்கள் சுகம், வாப்பாவின் முழங்காலுக்கும் மாடிப்படிக்கும் மட்டும் சண்டை. மெல்பேர்னில் குளிர் எப்படி? வெறும் பாணைத் தின்று நாளை ஓட்டாதே, சோறும் சமை.

நீ இங்கே வந்திருந்தபோது என் கதையின் பக்கங்களைப் படமெடுத்து, டைப் பண்ணி, என்னிடம் சொல்லாமலே பதிப்பகத்துக்கு அனுப்பினாய். ஆசையில் செய்தாய், தெரியும். போடலாம் என்று அவர்கள் சொன்னதை வாப்பாவிடமும் சொல்லிவிட்டாய். வாப்பாவைத் தெரியாதா உனக்கு? கதை இன்னும் பாதிதான். அதற்குள் ஹார்ட்வெயார் கடை ரிஸ்கான் ஹாஜியாரிடம் போய், வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்கச் சம்மதம் எடுத்துவிட்டார். மண்டபமும் பார்த்தாயிற்று. புத்தகம் எதைப் பற்றி என்று ஹாஜியார் கேட்டிருக்கிறார். வாப்பா முழித்துவிட்டு, நல்ல விஷயங்கள் பற்றி என்றாராம். சிரித்தேன். பிறகு றலியா மாமி கோல் எடுத்து, மதினி, கதையில வாற சண்டைக்காரி நான்தானாமே, பேரையாவது மாத்துங்க என்றார். மாமி அதில் ஒரு வரி வாசித்ததில்லை.

அதன் பிறகு எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. உனக்குத் தெரியும், கதையில் ஒருத்தி வேலை முடிந்து நீர்கொழும்பு பஸ்ஸில் வீட்டுக்கு வருகிறாள், ஒருநாள் வீடிருக்கும் வத்தளையில் இறங்காமல் அப்படியே இருந்துவிடுகிறாள். ஏன் என்று எனக்கும் தெரியாது. தெரியாமல் அவளோடு போவதுதான் எனக்குச் சுகம். மத்தியானம் லுஹர் தொழுதபின் வீடு அடங்கும். அவள் ஜன்னலைத் திறப்பாளா மூடுவாளா என்பதிலேயே ஒரு பகல் போகும். இப்போது பேனையை எடுத்தால் ஹாஜியார் எட்டிப் பார்க்கிறார். மாமி பார்க்கிறார். போன கிழமை அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நல்ல பிள்ளையாக, வத்தளையில் இறங்கிப்போய்விட்டாள். நானேதான் எழுதினேன். எழுதிவிட்டு அழுதேன் மகள்.

யாரும் வாசிக்காவிட்டால் எதற்கு எழுதுவது என்று கேட்டாய். பெரிய பதில் இல்லை. ஒரு வரி சரியாக விழுந்தால் அன்றைக்குக் கறியில் உப்புக் கூடினாலும் கவலை வராது. அவ்வளவுதான்.

பதிப்பகத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹாஜியாரிடம் சொல்லச் சொன்னபோது வாப்பாவின் முகம் விழுந்தது. போனார். அவளுக்கு இன்னும் எழுத வேண்டியிருக்காம் என்று சொல்லியிருக்கிறார். ஹாஜியார், அவசரமில்ல, ஆறுதலா எழுதட்டும், நான் எங்க போகப் போறன் என்றாராம். வந்து சொல்லும்போது வாப்பாவுக்கும் சிரிப்பு.

உன்னிடம் இருக்கும் படங்களை அழிக்க வேண்டாம். நீ வாசி. வேறு யாருக்கும் அனுப்பாதே. அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைத்திருக்கட்டும், உன் படிப்பில் பரக்கத் தரட்டும். விற்றமின் குளிசையை மறக்காதே.

உன்னையே நினைத்திருக்கும்
உம்மா லுத்பியா
வெள்ளவத்தை

பி.கு: கையெழுத்து வைத்த பிறகு, அவள் இறங்கிப்போன பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். வேறு விதமாக எழுதிப் பார்த்தேன். அதையும் அடித்துவிட்டு இன்னொரு விதமாக எழுதினேன், மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்கும்வரை.