உயிரோடு இருக்கிறவனுக்கு ஞாபகார்த்தக் கிண்ணம்

கரம்பொன்,
ஊர்காவற்றுறை.
யூலை 16

அன்பு மகன் லியோனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் காவலில் நான் சுகம், வலது முழங்கால் மட்டும் சொல் கேட்பதில்லை. நீயும் மருமகள் ஜொய்சியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை சொல்கிறேன், பேரன் நெவினுக்காக இந்தக் கிழமை பத்து அருள்நிறை மரியே கூட. ஏன் என்று வாசித்து முடித்தால் விளங்கும். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ பேசுவாய், நான் ஓம் ஓம் என்பேன், அதுதானே வழக்கம். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச ஏலாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்தைப் பொறுத்துக்கொள். உன் சிநேகிதன் அன்ரனிதாஸ் இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவான், தபாலில் போட்டால் காரியம் கெட்டுவிடும்.

முதலில் உன் கிண்ணத்தின் கதை. கோயில் பெருநாள் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கு மகன் பெயரில் கிண்ணம் கொடுக்க உனக்கு ஆசை வந்தது. நெவின் ஜேர்மனியில் கழகத்தில் விளையாடுகிறான் என்று ஊருக்குக் காட்ட வேண்டும். கிண்ணத்தில் அவன் பெயரை வெட்டு, பனரில் படத்தைப் பெரிதாகப் போடு, பிறந்த திகதியையும் போடு, மற்றது ஊருக்குத் தெரியும்தானே என்று இங்கே விளையாட்டுக் கழகச் செயலாளராக இருக்கிற அன்ரனிதாசுக்கு அறிவித்தாய். மகனே, நியூ ஜேர்சியில் இருபத்தெட்டு வருடம் இருந்ததில் உனக்கு மூளை கரைந்து போயிற்றா? இந்தத் தீவில் உயிரோடு இருக்கிறவன் பெயரில் யார் கிண்ணம் கொடுத்தார்கள்? நீ விளையாடி வாங்கின கிண்ணம் ஒவ்வொன்றும் செத்துப்போன ஒருவரின் ஞாபகார்த்தக் கிண்ணம்தானே. யாழ்ப்பாணத்தில் பனர் அடிக்கிற பிள்ளைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு படமும் பெயரும் கிண்ணமும் வந்தால் என்ன விளங்கும்? அவன் தன் வழக்கப்படி அடித்துவிட்டான். இரண்டு பக்கமும் மெழுகுதிரி, தலைக்கு மேலே புறா, நடுவில் நெவின் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு முறைத்துக்கொண்டு நிற்கிறான். கீழே ஞாபகார்த்தக் கிண்ணம் என்று ஒரு முழ எழுத்து. மலர்வு என்ற இடத்தில் அவன் பிறந்த திகதி, உதிர்வு என்ற இடம் வெறுமை. திகதி கிடைக்கவில்லையாம், கிடைத்ததும் ஒட்டலாம் என்று விட்டானாம். அன்ரனிதாஸ் விரித்துக்கூடப் பார்க்காமல் சந்தியில் கட்டுவித்தான்.

காலை பஸ்ஸில் போன இலட்சுமிப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு அடுத்த தரிப்பில் இறங்கி அழுதுகொண்டு ஓடி வந்தாள். வாசலில் நின்றே, ஐயோ அல்போன்சக்கா, உந்தப் பந்து பிள்ளைக்கு நெஞ்சிலயோ பட்டது என்று தலையில் அடித்தாள். அவன் ஜேர்மனியில பாண் தின்றுகொண்டிருக்கிறான், நீர் முதல்ல மூக்கைத் துடையும் என்றேன். அவள் நம்பவில்லை, எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று என்னைக் கதிரையில் இருத்தி விசிறினாள். மத்தியானத்துக்குள் செத்த வீட்டுக்கு வருகிற மாதிரி கையில் தேத்தண்ணிப் போத்தலோடு ஒன்பது பேர். கடைசியாக வந்தவள் பெட்டி எப்ப வருகுது என்று கேட்டாள். அவளைப் படலைவரை கொண்டுபோய் விட்டேன். அன்ரனிதாசைக் கூப்பிட்டுப் பனரைக் காட்டினேன், மாமி, எழுத்துப்பிழை இல்லைத்தானே என்கிறான். உன் சிநேகிதன் வேறு எப்படி இருப்பான்?

அந்தப் பனரை யாரோ பேஸ்புக்கில் போட, ஜேர்மனியில் இருந்த நெவினுக்கே போய்விட்டது. பின்னேரம் எனக்குப் போன் எடுத்தான். அப்பம்மா, நான் செத்துப்போனேனா என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு தனக்குத் தெரிந்த அரைத் தமிழில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். ஒரு ஆட்டத்திலும் அவனை இறக்கவில்லையாம். ஒப்பந்தம் என்று நீ ஊரெல்லாம் சொன்னது வெறும் பயிற்சிக் கடதாசியாம். போன மாதமே அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்பா கப் குடுத்திட்டார், இனி எப்பிடிச் சொல்லுறது அப்பம்மா என்றான். கேட்டாயா மகனே?

அவன் இருக்கிற வீட்டில் அமெரிக்கப் பொடியள் இன்னும் ஐந்து பேராம். ஒவ்வொருவனும் தன் ஊரில் ராசா, தன் பள்ளிக்கூடத்தில் நிகரில்லாத ஆள். அங்கே போனால் ஆறு வயதிலிருந்து அதே புல்லில் வளர்ந்த பிள்ளைகள் நிற்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் சுற்றி ஓடிப் பழக இவர்களைக் கம்பு மாதிரி நட்டு வைக்கிறார்கள். ஒருவன் தேறியிருக்கிறானாம், நல்லது, கெட்டிக்காரன், அவனுக்கும் செபிக்கிறேன். மற்றவர்கள் எல்லாரும் ஒவ்வொரு இரவும் தாய் தகப்பனுக்குப் பொய் சொல்லிவிட்டுப் படுக்கிறார்கள். இங்கே எங்கள் பிள்ளைகள் அமெரிக்கா அமெரிக்கா என்று உயிரை விடுகிறார்கள், நீ அமெரிக்காவில் பிறந்த பிள்ளையைப் பெட்டி கட்டி வேறு தேசத்துக்கு அனுப்பி, என்னையும் எடுங்கோ என்று வரிசையில் நிற்க வைத்திருக்கிறாய். அவனை அங்கே கூட்டிப்போன ஏஜென்ற் என்ன சொல்கிறானாம் தெரியுமா, அடுத்த கிழமை போலந்தில் ஒரு கழகம் சரிவருமாம். அடுத்த கிழமை! நீ அமெரிக்கா போகிற வழியில் மொஸ்கோவில் உன்னைப் பதின்மூன்று பேரோடு ஒரு அறையில் பூட்டி வைத்து, மூன்று மாதம் அடுத்த கிழமை அடுத்த கிழமை என்ற ஏஜென்சிக்காரனை மறந்துவிட்டாயா? நீ போனது சண்டைக்குப் பயந்து. அவன் எதற்குப் பயந்து போனான்? அந்த நாளில் பெருநாள் இறுதியாட்டத்தில் நீ அடித்த பெனால்ரி, கோல் கம்பத்துக்கு மேலால் கடலுக்குப் போனது, அதை எடுத்து வர இந்தப் பிள்ளையை அனுப்பினாயா?

கிண்ணத்துக்கு நான் ஒரு வேலை செய்தேன். சனிக்கிழமை அன்ரனிதாசை ஓட்டோவில் ஏற்றி யாழ்ப்பாணம் கூட்டிப்போய் நெவின் பெயர்த்தகட்டைக் கழற்றுவித்து, உன் அப்பா சூசைப்பிள்ளையின் பெயரை வெட்டுவித்தேன். அந்த மனிசன் ஒருநாளும் பந்தைத் தொட்டவரில்லை, காயப்போட்ட வலையில் பந்து விழுந்தால் கத்தியோடு வருவார். பரவாயில்லை, முறைப்படி செத்தவர். ஞாயிற்றுக்கிழமை என் கையாலேயே, வென்ற சுருவில் ஊர்ப் பொடியளுக்குக் கிண்ணத்தைக் கொடுத்தேன். அவர்கள் தலைவன் பதினெட்டு வயதுப் பிள்ளை, கணுக்காலில் துணி சுற்றியிருந்தான். நாளைக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். கடலுக்குப் போறன் ஆச்சி என்றான். தோற்ற பொடியள் அதே மைதானத்தில் இருந்து ஐஸ்பழம் தின்றார்கள். ஒருவருக்கும் ஒன்றும் குறைந்து போகவில்லை.

இனி உனக்கு. உங்கள் ஊர்ப் பல்கலைக்கழக உதைபந்து அணியில் அவனுக்குக் கிடைத்த இடத்தை, அது சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற இடம் என்று நீதான் வேண்டாம் என்று எழுதச் சொன்னாயாம். அந்தப் பயிற்சியாளர் இன்னும் இடம் வைத்திருக்கிறாராம், இந்த மாதம் முப்பதாம் திகதிக்குள் பதில் கேட்கிறாராம். நெவினுக்குப் போக விருப்பம். நீயாகத் திரும்பி வா என்று சொல்லும்வரை எழுத மாட்டான். நான் சொன்னேன், அப்பம்மா சொன்னால் போதாதாம், அப்பா சொல்ல வேணுமாம். அவ்வளவு மரியாதை உனக்கு, எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்லாவிட்டால் அடுத்த கிழமை போலந்துக்குப் போய்விடுவான்.

ஜொய்சியைக் கடவுள் ஆசீர்வதிக்கட்டும், அவளுடைய பிரஷர் மாத்திரையை விடவேண்டாம் என்று சொல். உன்னையும் ஆசீர்வதிக்கட்டும், நான் இன்னும் ஆசீர்வதிக்கவில்லை. ஒன்று மறக்காதே. நீ போன் எடுக்கிற நேரம் வந்தால் அந்தப் பிள்ளை அறையில் இருந்து எழும்பி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு ஓடிப்போய், மூச்சு வாங்கிக்கொண்டு உன் வீடியோவுக்கு முகம் காட்டுகிறானாம். ஒரு மாதமாக. ஆகவே இன்றைக்கு வீடியோவில் எடுக்காதே, குரல் மட்டும் கேட்கிற மாதிரி எடு. அவன் கட்டிலில் இருந்தபடி பேசட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
சூ. அல்போன்சம்மா