நீங்கள் போட்ட புகை

அப்பா,

நேற்றுதான் தலையணை உறையை மாற்றினேன். அதற்குள் அதிலும் சாம்பிராணி வாசம். அம்மா தூங்கிவிட்டார். போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

மறுபடியும் காட்டுத்தீப் புகைமூட்டம். பள்ளியில் திடலுக்கு விடவில்லை. நம் பூன் லே வீட்டிலிருந்து பார்த்தால் எதிர் அடுக்குமாடி புளோக்கே மங்கலாகத் தெரிகிறது. இப்படிப்பட்ட நாள்களில் நீங்கள் லாரியை நிறுத்திவிட்டு வந்ததும் ஜன்னல்களை இறுக மூடுவீர்கள். கதவிடுக்கில் ஈரத் துண்டு வைப்பீர்கள். அப்புறம், வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி, தூபக்காலில் கரி மூட்டிச் சாம்பிராணி போடுவீர்கள்!

"வெளிய இருக்கிறது கெட்ட புகை. இது நல்ல புகைலா."

"ஆமா, புகைக்கு சர்டிபிகேட் குடுக்கிற ஆபீசர் வந்துட்டாரு" என்று அம்மா இருமிக்கொண்டே சொல்வார். நானும் சிரிப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை, அப்பா. எரிச்சலாக வருகிறது.

நீங்கள் போனதிலிருந்து அம்மா தினமும் உங்கள் படத்துக்கு முன்னால் புகை போடுகிறார். ஜன்னலையும் உங்களைப் போலவே மூடிவிட்டு.

போன மாதம் தேக்கா தையல் கடையில் தைக்கும்போது அம்மாவுக்கு நேர்த் தையல் நெளிந்து தெரிந்தது. "மெஷின் கோணுது" என்று முதலாளியம்மாவிடம் சண்டை போட்டார். முதலாளியம்மாவே உட்கார்ந்து தைத்துக் காட்டினார். தையல் நேராகத்தான் ஓடியது.

கண் மருத்துவர் பரிசோதித்தார். விழித்திரையின் நடுவில் இருக்கும் உயிரணுக்கள் கெட ஆரம்பித்திருக்கின்றன. செத்துப்போனவை திரும்ப வராது. மிச்சம் இருப்பவற்றைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். புகைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஆனால் புகையின் நுண்துகள் மூச்சு வழியாக இரத்தத்தில் கலந்து கண்ணையும் பாதிக்கலாமாம். வீட்டில் புகை உண்டா என்று கேட்டார்.

"சேச்சே, நாங்க ஜன்னலே திறக்க மாட்டோம் டாக்டர்."

"அம்மா, சாம்பிராணி..." என்றேன். மேசைக்கு அடியில் அம்மா என் காலை மிதித்தார்.

திரும்பும்போது ரயிலில் அம்மா கேட்டார்: "அப்பா போட்டத நிறுத்தச் சொல்றியா? அதுக்குள்ள அவர மறந்துட்டியா நீ?"

புகையை அணைக்கச் சொன்னால் உங்களை அணைக்கச் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. இப்படி ஒரு வம்பில் என்னை மாட்டிவிட்டுப் போய்விட்டீர்களே! எனக்கு இருப்பது அம்மா ஒருவர்தான். அவருக்கு என் முகம் தெரியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

அதனால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கரி, சாம்பிராணி எல்லாவற்றையும் மாடியிலிருந்து கீழே இறங்கும் குப்பைக் குழாயில் போட்டுவிட்டேன். தூபக்காலையும்தான். கீழே போய் விழுந்த சத்தத்தில் அம்மா விழித்துவிட்டாரா என்று எட்டிப் பார்த்தேன்.

சின்ன வயதில் நான் எதை உடைத்தாலும், அம்மா கரண்டியோடு வருவதற்குள் நீங்கள் முன்னால் வந்து நின்று, "நான்தான் பண்ணேன், என்ன இப்போ?" என்பீர்கள். காலையில் அம்மா கேட்கும்போது அதை நான் சொல்ல வேண்டும். அழாமல் சொல்ல வேண்டும். சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அப்பா: நான்தான் பண்ணேன்.