விழுங்கும் வரை

1943 மார்ச் 7
மகன் பரஞ்சோதிக்கு மறுபடியும் காய்ச்சல். இந்த வருடத்தில் மூன்றாவது. பள்ளிக்கூடத்தில் நடத்திக்கொண்டிருந்த பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தேன். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் கொரகொரவென்று சத்தம். பிறந்தபோதே அழாத பிள்ளை. ஆறு வயதாகியும் கழுத்து நிற்கவில்லை. கைகால்கள் விறைத்தே கிடக்கின்றன. சளியைத் துப்பத் தெரியாது.

மார்ச் 8
ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் அய்யாவு அண்ணன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். “நுமோனியாதான் தங்கச்சி. மாத்திரை இதோட தீந்துச்சு. அடுத்த தடவ எங்கிட்ட ஒண்ணும் இல்லலா.”

மார்ச் 15
காய்ச்சல் இறங்கியது. பிள்ளையைப் படுக்க வைத்து மரவள்ளிக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் பார்த்துவிட்டுக் கத்தினார். “படுக்கப் போட்டு ஊத்தாதே! வயித்துக்குப் போவ வேண்டியது பாதி நெஞ்சுக்குள்ள போவுது. அதான் சளி கட்டுது.”
ஆறு வருடம். என் கையாலேயா?

மார்ச் 16
நிமிர்த்தி மடியில் வைத்து, தாடையைத் தாங்கி, கெட்டியாக மசித்து அரைக் கரண்டி. விழுங்கிய பிறகே அடுத்தது. ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. என் மடி கொஞ்சம் அசைந்தாலும் புரையேறுகிறது.

ஜூன் 2
மீண்டும் காய்ச்சல். மாத்திரை தேடி என் வீட்டுக்காரரைச் சுங்கைப் பட்டாணி டவுனுக்கு அனுப்பினேன். “சாயங்காலம் வந்துருவேன். புள்ளயப் பாத்துக்க.”

ஜூன் 3
வரவில்லை.

ஜூன் 4
பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் அக்கா விசாரித்து வந்தார். கடைத்தெருவை வளைத்து ஆம்பிளைகளை லாரியில் ஏற்றினானாம் ஜப்பான்காரன். சயாம் நாட்டில் ரயில் பாதை போடவாம். இவர் கையில் பொட்டலம் இருந்ததாம் — மாத்திரையா? யார் பார்த்தது?
“போற உசுர இழுத்துப் புடிக்க, இருக்குற உசுர அனுப்பிட்டியேடி” என்றார் அக்கா. நான்தானே போகச் சொன்னேன். நான்தானே.

ஜூன் 9
குப்புறப் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன். சளி வருகிறது. மருந்து இல்லை. மூச்சு மட்டும் நிற்கவில்லை.

1944 நவம்பர் 20
மழை. இந்த மாதம் இரண்டு காய்ச்சல். இரண்டிலும் தப்பினான்.

1945 அக்டோபர் 21
அன்று இவரை ஏற்றிய அதே லாரியில் போன முனியாண்டி சயாமிலிருந்து திரும்பிவிட்டார். எலும்பும் தோலுமாக மத்தியானம் வாசலில் வந்து நின்றார். நான் பரஞ்சோதிக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன்.
“மாமாவுக்கு வாந்திபேதி, அக்கா. ரெண்டே நாளு. நான்தான் மண்ணு தள்ளுனேன்.”
பிள்ளையின் வாயில் கிழங்கு இருந்தது. அசையவில்லை நான். விழுங்கினான். கிண்ணத்தில் இன்னும் நான்கு வாய் இருந்தது. அதையும் ஒவ்வொன்றாக ஊட்டினேன். வாயைத் துடைத்து, சுவரோடு சாய்த்து, கழுத்துக்குத் துணி முட்டுக் கொடுத்து உட்கார வைத்த பிறகு, வீட்டின் பின்பக்கம் போனேன்.