கட்டோடு கிழித்த கார்டு

என் தங்கையைக் கட்டிக்கொண்டு என்னையும் சேர்த்து மேய்த்த மச்சான் கன்னியப்பா,

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் பட்டணத்து எஞ்சினீயரிங் கல்லூரி ஆபீசில், எழுத்தர் முன்னால் நின்று ஓவென்று அழுதேன். அழுததுகூடப் போகட்டும், மூக்கைச் சிந்தி அவருடைய மேசைவிரிப்பில் துடைத்துவிட்டேன். மனிதர் மைப்புட்டியை மட்டும் நகர்த்தி வைத்துக்கொண்டார். செங்கல்பட்டில் ஒருத்தரை விடாமல் கிண்டலடித்துப் பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு இது தேவைதான்.

ஏன் அழுதேன் என்று கேட்பாய். உன் மகன் ஏழுமலைக்கு அங்கே இடம் போய்விட்டது. போக்கடித்தவன் நான்.

ஹைஸ்கூல் நாளிலிருந்து என் வீட்டில் தங்கிப் படித்தவன். இன்டர்மீடியட்டும் தேறி விண்ணப்பம் போட்டபோது என் விலாசத்தைத்தான் எழுதினான். மாமல்லபுரத்துச் சவுக்குத் தோப்பில் பம்பு எஞ்சினை ஓட்டிக்கொண்டே நீ கூவுவாயே, "எஞ்சின் ஓட்றவன் புள்ள எஞ்சினீயரு ஆவப் போறாண்டா!" என்று. பதில் வருவதற்குள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் கருமாதிக் கார்டுகளுக்கு விலாசம் எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என் கையெழுத்தின் லட்சணம் உனக்குத் தெரியாததா? ஆள் இல்லை, தெரு இல்லை என்று தினமும் அஞ்சாறு திரும்பி வந்தன. தபால்காரர் நூலால் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். சாவுக் கார்டை வாசற்படி தாண்டவிடக் கூடாது, வெளியிலேயே கிழித்துப் போட வேண்டும். கருப்பு ஓரம், நடுவில் உன் பெயர். எத்தனை தடவைதான் பார்ப்பது? ஒருநாள் நூலைக்கூடப் பிரிக்காமல் கட்டோடு முறுக்கிக் கிழித்துப் போட்டேன்.

மற்ற பையன்கள் நேர்காணல் போய்வந்து கல்லூரியிலும் சேர்ந்துவிட்டார்கள். நமக்கு மட்டும் ஏன் பதில் இல்லை என்று நியாயம் கேட்கத்தான் பட்டணம் போனேன். எழுத்தர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "கார்டு அனுப்பியாச்சு சார். உங்க பையன்தான் வரல. அந்த எடத்துல வேற பையன் சேர்ந்துட்டான்."

அப்போதுதான் அந்த நூல்கட்டு நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து என் பெண்டாட்டி சரசுவிடம் கேட்டேன். "ஆமா, கருப்பில்லாத துண்டு ரெண்டு கெடந்துச்சி. கூட்டித் தள்ளிட்டேன். நான் இன்னாத்த கண்டேன்? பேப்பர்ல எழுதுறவரு நீதானே கிழிச்ச!" என்றாள்.

மறுநாள் தோப்புக்குப் போனேன். உன் எஞ்சினை இப்போது ஏழுமலைதான் ஓட்டுகிறான், தெரியுமா? நடந்ததையெல்லாம் சொன்னேன். அவன் கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வைக்கவில்லை. "அதுக்கு இன்னா பண்றது மாமா. நீ தள்ளி நில்லு, வேட்டி பெல்ட்டுல மாட்டிக்கப் போவுது" என்றான். நாலு அறை விட்டிருந்தால் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பம் போடலாம் என்று தங்கையிடம் சொன்னேன். "போட்டதும் போதும், கிழிச்சதும் போதும்ணா. இவனாவது என் கண்ணு முன்னால இருந்துகினு இருக்கட்டும்" என்று எழுந்து போய்விட்டாள். நீ இருந்தால் அவளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பாய்?

ஆனாலும் போடவைப்பேன், மச்சான். பதில் வரும்வரை தபாலாபீஸ் வாசலிலேயே கிடப்பேன். வருகிற ஒவ்வொரு கார்டையும், அதில் உன் பெயரே இருந்தாலும், முழுசாகப் படிப்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் மகனின் தாய்மாமன், உனக்கு வாய்த்த மைத்துனன்.

பி.கு.: நேர்காணல் தேதியும் அந்தப் பதிவேட்டில் இருந்தது. அது உன் கருமாதி நாள், காலை பத்து மணி. அந்நேரம் ஏழுமலை மொட்டைத் தலையோடு கடற்கரையில் உனக்குப் பிண்டம் வைத்துக்கொண்டிருந்தான்.