சத்தம் போடாத லைப்ரரி

செவ்வாய், இரவு.

காலை ஷிப்டில் மைன்ஸ் கேட்டே என் புரோகிராமால் நின்றுபோனது. கேட் பாஸ் எண்ணில் நான்கு இலக்கம் இருக்கிறதா என்று பார்க்கும் பேட்டர்னில் அடைப்புக்குறியை மூட மறந்தவன் சாட்சாத் அடியேன்தான். பேட்டர்ன்களைப் படித்துச் சரிபார்க்கும் பழைய ரெஜெக்ஸ் லைப்ரரி என்றால் உடனே எரர் போட்டு ஊரைக் கூட்டியிருக்கும். என் செக்‌ஷன் செல்வமணி போன வாரம் மாற்றிய புதுசு, மூடாத குறியையும் ஒரு எழுத்தாகவே எடுத்துக்கொண்டு, எல்லார் பாஸையும் செல்லாது என்றுவிட்டது.

"ஒரு எரர்கூட வரலையே அண்ணே!" என்று சிரிக்கிறான்.

"அதான்டா பயமா இருக்கு" என்றேன்.

வெளியே நின்ற கான்ட்ராக்ட் ஆட்கள் கத்தியதால் இந்தத் தப்பு தெரிந்தது. வேறொரு பேட்டர்னையும் இப்படியே தப்பாகப் புரிந்துகொண்டு, கண்டவனையெல்லாம் உள்ளே விட்டுக்கினு இருந்தால்? உள்ளே போனவன் எவன் வந்து புகார் சொல்லப்போகிறான்?